பாய்மரக் கம்பிகளை எப்போது மாற்றுவது?

லங்காவியில் பழைய பாய்மரப் படகு வாங்க வருபவர்கள் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கிறார்கள், பாயை விரித்துத் தடவிப் பார்க்கிறார்கள். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளை மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, ‘பளபளவென்றுதானே இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். முன்னால் ஃபோர்ஸ்டே, பின்னால் பேக்ஸ்டே, இரு பக்கமும் ஷ்ரௌட். இவற்றில் முக்கியமான ஒன்று அறுந்தாலே மரம் கடலில் கிடக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்ளுக்குள் வெடித்துக்கொண்டே வெளியே மின்னும். அதனால் ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோதனை கம்பியின் ஆயுளைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. குறை தெரிந்தால் தவணைக்கு முன்பே மாற்றுங்கள். குறை தெரியவில்லை என்பதற்காகத் தவணையைத் தள்ளாதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 19 இழை முறுக்கிய ஸ்டீல் கம்பிக்கு. ராட் ரிக்கிங்குக்கும் டைனீமா கயிற்றுக்கும் கணக்கு வேறு.

1. தேதியைக் கண்டுபிடியுங்கள்

கம்பி மாற்றிய ரசீது வேண்டும். ‘மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது’ என்று விற்பவர் சொல்வது ரசீது ஆகாது. காகிதம் இல்லையென்றால் படகு கட்டிய ஆண்டுதான் கம்பியின் ஆண்டு. 1988 படகு என்றால் 1988 கம்பி. அப்படியே வைத்துப் பேரம் பேசுங்கள்.

வெப்பமண்டல உப்புநீரில் என் கணக்கு 10 ஆண்டு. 15-ஐத் தாண்டினால் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் 10 முதல் 15 ஆண்டுக்குள்தான் கோடு போடுகின்றன. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் நன்னீரில் ஓடி, குளிர்காலம் முழுக்க மரத்தை இறக்கிக் கொட்டகையில் வைக்கும் படகுக்கு இதைவிட நீண்ட காலம் கிடைக்கும். அந்த ஊர்க்காரர் சொல்லும் 20 ஆண்டுக் கதையை இங்கே கொண்டுவராதீர்கள்.

ஆண்டு மட்டும் போதாது, ஓடிய தூரமும் கணக்கில் சேரும். கம்பி அறுவது பெரும்பாலும் ஒரே இழுப்பில் அல்ல. 6 மி.மீ. கம்பி புதிதாக இருக்கும்போது சுமார் 3 டன் தாங்கும். அலைக்கு அலை இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்துதான் அது சோர்கிறது. மூன்றே ஆண்டில் உலகைச் சுற்றி வந்த படகின் கம்பி ஆறு ஆண்டானாலும் கிழம்தான். அதற்காக, மரினாவிலேயே கட்டிக் கிடந்த படகின் கம்பி இளமையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கட்டிக் கிடந்தாலும் காற்றில் மரம் அதிர்ந்துகொண்டுதான் இருக்கும், உப்பும் படிந்துகொண்டே இருக்கும்.

2. கம்பியைத் துடையுங்கள்

டிஷ்யூ காகிதத்தால் கம்பியைச் சுற்றிப் பிடித்து, கீழிருந்து மேலாக இழுங்கள். வெறும் கையால் வேண்டாம், உடைந்த இழை விரலைக் கிழித்துவிடும். காகித நார் கம்பியில் சிக்கினால் அங்கே இழை உடைந்திருக்கிறது. 19-இல் ஒன்று உடைந்தாலும் அந்தக் கம்பியின் கதை முடிந்தது.

பழுப்புக் கறை எல்லாமே ஆபத்து இல்லை. பாலிஷ் போட்டுத் துடைத்ததும் போய், போனபடியே இருந்தால் அது மேல்கறை. சில வாரத்தில் அதே இடத்தில் திரும்பி வந்தாலோ, கம்பியைச் சுற்றி ஒற்றைத் துருக்கோடாக ஏறினாலோ, கேடு உள்ளே இருக்கிறது.

3. கீழ் முனைகளில் நேரத்தைச் செலவிடுங்கள்

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். மேலே ஏறிப் படம் எடுப்பதில் இருக்கும் ஆர்வம், முழங்காலிட்டு டெக்கில் உட்கார்ந்து பார்ப்பதில் இருப்பதில்லை.

கம்பியின் முனையை ஒரு உலோகக் குழலுக்குள் செருகி, இயந்திரத்தில் வைத்து நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அதற்கு ஸ்வேஜ் என்று பெயர். எவ்வளவு நசுக்கினாலும் இழைகளுக்கு நடுவே நூலிழை இடைவெளி மிஞ்சும். மேல் முனையின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் நீர் வடிந்துவிடும். கீழ் முனையின் வாய் வானத்தைப் பார்க்கிறது. கம்பி வழியே இறங்கும் உப்புநீர் அதற்குள் போய்த் தங்கும். நீர் காய்ந்தாலும் உப்பு மிஞ்சும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன்மேல் படரும் குரோமியம் ஆக்சைடு ஏடு. அந்த ஏடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத சந்தில் அது கிடைக்காது, உப்பிலுள்ள குளோரைடு ஸ்டீலைத் தின்னத் தொடங்கும். அந்த அரிப்பிலிருந்துதான் குழலில் வெடிப்பு கிளம்புகிறது.

சோதிக்கும் முறை:

* முனையைத் தேய்த்து, கறையெல்லாம் போகப் பளபளப்பாக்குங்கள். அழுக்கின் மேல் வெடிப்பு தெரியாது.
* 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸால், குழலின் நீளவாக்கில் மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். கோடு தெரிந்தால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டினால் வெடிப்பு.
* சந்தேகம் தீரவில்லையா? வெல்டிங் சாமான் கடையில் சாய ஸ்ப்ரே கிடைக்கும். சிவப்புச் சாயத்தை அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுத்து, சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சை அடியுங்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு ஊறி வரும்.
* குழல் வாழைப்பழம்போல் வளைந்திருந்தால் அது நசுக்கும்போதே நேர்ந்த கோளாறு. வெடிப்பு இல்லாவிட்டாலும் நான் அதை நம்புவதில்லை.

சாய ஸ்ப்ரே மேற்பரப்புக்கு வந்துவிட்ட வெடிப்பை மட்டும்தான் காட்டும். வெடிப்பு உள்ளிருந்து புறப்பட்டு வழியில் இருக்கலாம். சோதனை ஆயுளைக் கூட்டாது என்று சொன்னது இதனால்தான்.

மேல் முனைகளையும் பார்க்க வேண்டும். அதற்காக மரத்தில் ஏறும்போது நாற்காலிக்கு ஒரு கயிறு, பாதுகாப்புக்குத் தனியாக இன்னொன்று. மரத்துக்குள் கொக்கிபோல் நுழையும் டீ வடிவ முனைகள் இருந்தால் வளைவில் வெடிப்பு தேடுங்கள். சுருட்டுப்பாய் வைத்த படகில் ஃபோர்ஸ்டே முழுவதும் அலுமினியக் குழலுக்குள் ஒளிந்திருக்கும். பார்க்கவே முடியாத கம்பியைத் தேதியை வைத்து மட்டும் தீர்மானியுங்கள். பாய் ஏற்றும் கயிறு மேலே அதைச் சுற்றிக்கொண்ட வரலாறு இருந்தால் முறுக்குப் பிரிந்திருக்கும். உடனே மாற்றுங்கள்.

4. செயின்பிளேட்டைக் கழற்றுங்கள்

‘பாருங்கள்’ என்று சொல்லவில்லை, கழற்றுங்கள் என்கிறேன். ஷ்ரௌட்டைப் படகின் உடலோடு பிணைக்கும் இந்தப் பட்டை பெரும்பாலும் டெக்கைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அது சாவது அந்தத் துளைக்குள்தான். மேலேயும் பளபளப்பு, கீழேயும் பளபளப்பு, நடுவே டெக்கின் ஈரப் பலகையில் ஊறும் ஓர் அங்குலத்தில் குழி குழியாக அரிப்பு. கீழே அலமாரிக்குள் பழுப்பு வழிந்திருக்கிறதா, அங்கே பலகை அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் கழற்றப் போகிறீர்கள் என்றால், கழற்ற எளிதானதை விட்டுவிட்டு அதிகம் கசிந்ததைக் கழற்றுங்கள். அதில் குழி இருந்தால் மீதி அத்தனையும் வெளியே வர வேண்டும். பழைய செயின்பிளேட்டில் புதுக் கம்பி மாட்டுவது காசுக்குக் கேடு.

5. மற்ற சாமான்கள்

டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு), பின், டோகிள் (முனையை அசைய விடும் இணைப்பு): திருகு தேய்ந்ததும் வளைந்ததும் குப்பைக்கு. ஃபோர்ஸ்டேயின் இரு முனையிலும் டோகிள் இல்லையென்றால் சேருங்கள். பின் கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின் எப்போதும் புதிது.

6. தீர்மானியுங்கள்

கிரேன் இடித்து ஒரு கம்பி நசுங்கினால் அதை மட்டும் மாற்றலாம். வயதால் ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அத்தனையும் ஒரே வயது, ஒரே கடலில் ஓடியவை. ‘இந்த வருஷம் இடப்பக்கம், அடுத்த வருஷம் வலப்பக்கம்’ என்பவர்கள் இரண்டு முறை கிரேனுக்குக் கொடுக்கிறார்கள், நடுவே ஒரு வருஷம் பயத்தோடு ஓட்டுகிறார்கள்.

வடகிழக்குப் பருவக்காற்றில் ஜனவரி வாக்கில் இலங்கை, மாலத்தீவுப் பக்கம் கிளம்ப நினைப்பவர்கள் செப்டம்பரிலேயே முடிவெடுக்க வேண்டும். டிசம்பரில் எல்லோருக்கும் கம்பி மாற்றித் தரும் அதே ரிக்கர்தான் வேண்டும்.

வாங்கும்போது 316 தரக் கம்பி கேளுங்கள். பழைய கம்பிகளைப் பின்னோடு சேர்த்துக் கழற்றி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டுக் கட்டி ரிக்கரிடம் கொடுத்தால் அளவுத் தகராறு வராது. ‘ஒரு சைஸ் கூட்டிப் போடலாமே’ என்ற யோசனை வேண்டாம். மேலே எடை ஏறும், பின் துளைகள் பொருந்தாது. மேல் முனைக்கு ஸ்வேஜ் போதும், கீழ் முனைக்கு ஸ்டா-லாக் போலத் திருகிக் கழற்றும் முனை போடுங்கள். திறந்து பார்க்கலாம், உள்ளே உள்ள கூம்பை மாற்றி மறுபடி பயன்படுத்தலாம்.

7. மாற்றும் வரை, மாற்றிய பின்

அறுந்த கம்பிக்குப் பதிலாகக் கட்ட, மிக நீளமான ஸ்டேயைவிட நீளமான டைனீமா கயிறு ஒன்று படகில் இருக்கட்டும். ஓடும்போது ஷ்ரௌட் அறுந்தால் யோசிக்காமல் படகைத் திருப்பி, காற்றை மறுபக்கம் வாங்குங்கள். ஃபோர்ஸ்டே போனால் காற்றின் போக்கிலேயே ஓடுங்கள். பேக்ஸ்டே போனால் பெரிய பாயை இறுக்கி, முகப்பைக் காற்றை நோக்கித் திருப்புங்கள்.

புதுக் கம்பி முதல் சில ஓட்டத்தில் கொஞ்சம் நீளும், மறுபடி இறுக்குங்கள். படகு 15, 20 பாகை சாய்ந்து ஓடும்போது காற்றுக்கு மறைவான பக்கத்து ஷ்ரௌட் தொளதொளவென்று ஆடக்கூடாது. அந்த ஆட்டமே முனையில் கம்பியை ஒடிக்கும்.

கடைசியாக, கீழ் முனைகளைப் பிளாஸ்டிக் உறையாலும் டேப்பாலும் மூடி அழகுபார்க்காதீர்கள். உப்புநீரைத் தேக்கி வைக்கும் வேலையை அது இன்னும் சிறப்பாகச் செய்யும். திறந்து விடுங்கள், நன்னீர் ஊற்றிக் கழுவுங்கள். டேப் ஒட்டியே தீரவேண்டும் என்றால் காட்டர் பின்னின் கூர்முனையில் ஒரு சுற்று, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.