ஒண்ணாம் தேதி நூல் விலை

திருப்பூரில் மாதம் பிறந்தால் பனியன் கம்பெனிகளில் முதல் பேச்சு நூல் விலைதான். மில்கள் பெரும்பாலும் ஒண்ணாம் தேதியை ஒட்டித்தான் புது விலையை அறிவிக்கும். முதலாளிக்கு ஏறியிருக்கா, இறங்கியிருக்கா என்பது கவலை. காஸ்டிங் போடுகிற எனக்கு இன்னொரு கவலையும் உண்டு: அந்த ஒரு விலை என் எக்செல் ஃபைலில் எத்தனை இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது?

எங்கள் தொழிலில் ஸ்டைலுக்கு ஒரு ஷீட். ஒவ்வொன்றிலும் நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று வரிசையாக இறங்கும். விலை மாறியதும் ஷீட் ஷீட்டாகத் திறந்து கையால் திருத்துகிற வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதில் ஒரு ஷீட் விட்டுப்போனால் என்ன ஆகும்? கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று, நூல் கிலோ 260, நிட்டிங் 14, டையிங் 86 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 360. பத்து சதவீதம் பிராசஸ் லாஸ் போக, துணி கிலோ 400 ரூபாய்க்கு வந்து நிற்கும். பீஸுக்கு 200 கிராம் என்றால் துணிக்கு மட்டும் 80 ரூபாய். நூல் 40 ரூபாய் ஏறினால் அதே பீஸ் 88 ரூபாய் 89 காசு. பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் விட்டுப்போன அந்த ஒரு ஷீட்டின் விலை 88 ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

40 ரூபாய் என்பதைச் சும்மா சொல்லவில்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் ஒரே அறிவிப்பில் கிலோவுக்கு அவ்வளவு ஏறியது. அந்த மாதம் 16, 17 தேதிகளில் திருப்பூரில் உற்பத்தியை நிறுத்திப் போராடினார்கள். அந்த மாதிரி நாளில் கையால் திருத்திய கணக்கை நம்பி பையரிடம் பேச உட்காரக் கூடாது.

அதனால் என் முதல் விதி: ஒரு விலை, ஃபைலில் ஒரே ஒரு செல்லில்தான் டைப் ஆக வேண்டும். 'ரேட்' என்று தனி ஷீட் வைத்து நூல் நம்பர் வாரியாக விலை, நிட்டிங் கூலி, கலர் வாரியாக டையிங் சார்ஜ் எல்லாம் அங்கே போட்டுவிட வேண்டும். ஸ்டைல் ஷீட்டில் விலை வர வேண்டிய செல்லில் சமக்குறி தட்டி, கீழே ரேட் ஷீட் டேபைக் கிளிக் செய்து, வேண்டிய செல்லைத் தொட்டு, அங்கேயே என்டர் அடிக்க வேண்டும். பழைய ஷீட்டுக்குத் திரும்பி வந்து என்டர் அடிப்பவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் ஃபார்முலாவில் ஷீட் பெயர் மாறி, லிங்க் வேறெங்கோ போய் நிற்கும். எக்செல் அந்தச் செல்லை ஷீட் பெயர், ஆச்சரியக்குறி, செல் முகவரி என்று எழுதிக்கொள்ளும். லிப்ரே ஆபீஸில் ஆச்சரியக்குறி இருக்கும் இடத்தில் புள்ளி வரும். கீழே இழுத்து நிரப்பப் போகிறீர்கள் என்றால் எஃப்4 அடித்து டாலர் குறி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் முகவரியும் கூடவே இறங்கிக்கொண்டே போகும்.

இதுவரை சுலபம். சிக்கல் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

லிங்க் பிடித்துக்கொள்வது இடத்தைத்தான், பொருளை அல்ல. ரேட் ஷீட்டில் புதிதாக ஒரு வரியைச் செருகினால் எக்செல் புரிந்துகொண்டு முகவரியை மாற்றிக்கொள்ளும். ஆனால் யாராவது விலைப்படி 'சார்ட்' செய்துவிட்டால், 30ஆம் நம்பர் இருந்த இடத்தில் 40ஆம் நம்பர் வந்து உட்கார்ந்திருக்கும். ஸ்டைல் ஷீட் அதையே எடுத்துக் கணக்குப் போடும். பிழை என்று ஒரு எழுத்து வராது. அதனால் நூல் விலைக்கு நேர் லிங்க்கை விட வீலுக்கப்தான் நல்லது, நூல் நம்பரைத் தேடிப் பிடிக்கும். அதிலும் கடைசியில் 'ஃபால்ஸ்' போட மறக்காதீர்கள். விட்டுவிட்டால் ஏறுவரிசைப் பட்டியலில் 34ஆம் நம்பர் இல்லாதபோது, பக்கத்தில் இருக்கும் 30ஆம் நம்பர் விலையைக் கொடுத்துவிடும். புதிய எக்செலில் இருக்கும் எக்ஸ்லுக்கப் இந்த விஷயத்தில் பத்திரம். சொல்லாவிட்டாலும் சரியான பொருத்தத்தையே தேடும்.

அடுத்தது காலிச் செல். விலை இன்னும் வரவில்லை என்று ரேட் ஷீட்டில் காலியாக விட்டால், லிங்க் ஆன இடத்தில் அது பூஜ்யமாக வரும். நூலே இல்லாமல் துணி 111 ரூபாய்க்கு வந்து நிற்கும். நான் ஸ்டைல் ஷீட்டில் ஒரு இஃப் போட்டு, ரேட் காலியாக இருந்தால் 'விலை வரலை' என்று எழுத்தில் காட்டும்படி வைத்திருக்கிறேன். எழுத்து வந்தால், பிளஸ் குறி போட்டுக் கூட்டுகிற அடுத்த கணக்கு ஓடாமல் பிழை காட்டும், அதுதான் வேண்டும்.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பையன் பதறிக்கொண்டு வந்தான். "அக்கா, ரேட் மாத்துனேனுங்க, போன மாசம் அனுப்புன கோட்டேஷனும் சேர்ந்து மாறிருச்சுங்களே!"

"மாறத்தான் செய்யும் கண்ணு. பையருக்கு அனுப்புன அன்னிக்கே அதை வேல்யூவா ஒட்டி வச்சிரோணும்."

லிங்க் பற்றி நான் இத்தனை வருடத்தில் கற்றதில் முக்கியமானது இதுதான். இன்றைய விலை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கொடுத்த வாக்கு மாறக் கூடாது. கோட்டேஷன் போனதும் அந்த ஷீட்டை நகலெடுத்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாக எண்களை மட்டும் ஒட்டி, தேதியோடு பெயர் வைத்துத் தனியாகப் பூட்டிவிட வேண்டும்.

வரிக்கும் இதே நியாயம். கோவை வெட் கிரைண்டருக்கு 2022 ஜூலை 18 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஒரே வரிச் செல்லில் எல்லா பில்லையும் லிங்க் செய்து வைத்திருந்தால், அன்று அதை மாற்றியதும் ஜூன் மாத பில்லும் 18க்குப் போயிருக்கும். இதற்குத் தேதியும் விகிதமும் ஏறுவரிசையில் வைத்த ஒரு சின்னப் பட்டியல் போதும். பில் தேதியைக் கொண்டு தேட வேண்டும். இங்கே மட்டும் வீலுக்கப்பில் 'ட்ரூ' போடுவதுதான் சரி. பில் தேதி வரை கடைசியாக அமலான விகிதத்தை அது எடுத்துக் கொடுக்கும்.

கையால் ஒட்டினால் போதாதா, லிங்க் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஜேபி மோர்கன் வங்கியின் கதையைச் சொல்வேன். 2012இல் லண்டன் பிரிவில் 600 கோடி டாலருக்கு மேல் நட்டம். மறுவருடம் வங்கியே வெளியிட்ட அறிக்கையில், அபாயத்தை அளக்கும் கணக்கு பல ஸ்ப்ரெட்ஷீட்டுகளில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டி ஓடியது என்றும், சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தது என்றும் இருக்கிறது. நட்டத்துக்கு அது மட்டுமே காரணமில்லை. ஆனால் அபாயம் குறைவாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்கு லிங்க் போடுவதை நான் முடிந்தவரை தவிர்க்கிறேன். மெயிலில் போனாலும், பென் டிரைவில் ஆடிட்டருக்குப் போனாலும், மூல ஃபைல் கூடப் போகாது. திறந்ததும் அப்டேட் செய்யவா என்று கேட்கும், தெரியாதவர் ஏதோ ஒன்றை அமுக்குவார். கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். இன்னொன்று, இப்படி லிங்க் ஆன ஃபைலை எக்செல் சேமிக்கும்போது மூல ஃபைலிலிருந்து எடுத்த மதிப்புகளையும் உள்ளே வைத்துக்கொள்ளும். நம் நூல் கொள்முதல் விலை பையர் கைக்குப் போக அது ஒரு வழி. அதனால் வெளியே போகும் விலையை வேல்யூவாகப் புது ஃபைலில் ஒட்டி, பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புகிறேன்.