பாலத்துக்காக வாதாடிய வக்கீல்

ஆபிரகாம் லிங்கன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தாடி, உயரமான தொப்பி, அடிமை முறை ஒழிப்பு. அவ்வளவுதானே? அமெரிக்க ஜனாதிபதிகளில் பேடன்ட் வாங்கிய ஒரே ஆள் அவர்தான், தெரியுமா? மணல்திட்டில் தட்டி நிற்கும் படகைக் காற்று அறைகளால் தூக்கிவிடும் முறைக்கு 1849ல் வாங்கினார். எண் 6469. ஆனால் அது தயாரிப்புக்கு வரவே இல்லை!

அவர் பள்ளிக்குப் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. சர்வே வேலையைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டார். சட்டமும் அப்படித்தான். 1836ல் வக்கீல் ஆனார். அதற்கு முன்பே இல்லினாய் சட்டசபை உறுப்பினர். 1847 முதல் 1849 வரை காங்கிரஸில் இருந்தார். பிறகு யூக்ளிடின் ஜியோமெட்ரியை எடுத்து வைத்துப் படித்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1856 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றின் முதல் ரயில் பாலம் ராக் ஐலண்டில் திறக்கப்பட்டது. மே 6 அன்று 'எஃபி ஆஃப்டன்' என்ற நீராவிப் படகு அதில் மோதித் தீப்பிடித்தது. பாலத்திலும் ஒரு பகுதி போச்சு. பாலமே ஆற்றுக்கு இடைஞ்சல் என்று படகு தரப்பு கேஸ் போட்டது. பாலம் தோற்றால், மேற்கே போகும் ரயில் ஆற்றங்கரையோடு நிற்க வேண்டியதுதான்.

1857 செப்டம்பர், சிகாகோ கோர்ட். பாலத்துக்காக வாதாடியவர்களில் லிங்கனும் ஒருவர். பேச்சை மட்டும் நம்பினாரா? இல்லைங்க. பாலத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். நீரோட்டத்தின் வேகம், அது தூணைத் தொடும் கோணம் எல்லாவற்றையும் கணக்காக ஜூரி முன் வைத்தார். படகின் வலப்பக்கச் சக்கரம் சரியாக ஓடவில்லை என்றார். ஆற்றோடு போகிறவருக்கு உள்ள உரிமை ஆற்றைக் கடக்கிறவருக்கும் உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை, பாலம் தப்பியது.

1858ல் செனட் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1860ல் ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார். 1862ல் பசிபிக் ரயில்வே சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவரே. 1869ல் அந்தப் பாதை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1865லேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கோர்ட்டில் பேச வேண்டிய வக்கீலுக்கே சைட் விசிட் தேவைப்பட்டிருக்கு. சீனியரோட ரிப்போர்ட்டை காப்பி அடிச்சு புராஜெக்ட் முடிக்கலாம்னு நினைக்கிற நமக்கு?