சைக்கிளில் மோட்டார் பூட்டப் போகிறவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

பட்டறைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்றுதான். அடுத்தது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" மோட்டார் பூட்டி, பெயின்ட் அடித்து, செலவெல்லாம் முடிந்த பிறகுதான், "ஆமா, இதுக்கு ஆர்.சி. எடுக்கணுமா? போலீஸ் பிடிக்குமா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். அந்தக் கேள்வியை முதலில் கேட்டிருந்தால் பாதிப் பேர் வேறு மோட்டார் வாங்கியிருப்பார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிக் கொடுத்துவிடுவது மேல். ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் படித்துவிடு தம்பி.

1. பெடல் இருப்பதால் மட்டும் அது சைக்கிள் ஆகிவிடாது.

லூனாவுக்கும் பெடல் இருந்தது, பழைய டி.வி.எஸ். 50-க்கும் பெடல் இருந்தது. இரண்டும் நம்பர் பிளேட்டோடுதான் ரோட்டுக்கு வந்தன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பெடலைப் பார்ப்பதில்லை. வண்டியை நகர்த்துவது மனிதக் காலா, இயந்திரமா என்று பார்க்கிறது. இயந்திரம் நகர்த்தினால், சாலையில் ஓடத் தகுந்ததாக இருந்தால், அது மோட்டார் வாகனம். அப்புறம் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் தானாக வந்து சேரும். இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. பெட்ரோல் இன்ஜினுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. உன் சைக்கிள் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்குமா என்பதுதான் முழுக் கதையும்.

2. பெட்ரோல் என்றால் 25 சி.சி.யைத் தாண்டாதே.

நான்குக்கும் குறைவான சக்கரங்கள், 25 சி.சி.க்கு மேற்படாத இன்ஜின். அப்படிப்பட்ட வண்டியைச் சட்டத்தின் 2(28) பிரிவே மோட்டார் வாகனம் இல்லை என்று ஒதுக்கிவிடுகிறது. ஆனால் சந்தையில் சைக்கிளுக்கென்று விற்கும் கிட் எதுவும் பெரும்பாலும் இந்த அளவுக்குள் வராது. பெட்டியில் '80 சி.சி.' என்று போட்டிருப்பான். வெர்னியரை வைத்து நீயே அளந்து பார்: சிலிண்டரின் உள்விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 38 மி.மீ. கணக்குப் போட்டால் 66 சி.சி.தான் வரும். பெட்டியில் போட்டிருப்பது பொய் என்று சந்தோஷப்படாதே, 66-உம் 25-ஐவிட அதிகம்தான். தோட்டத்தில் களை வெட்டும் மெஷினின் இன்ஜினைக் கழற்றிப் பூட்டலாம் என்று சிலர் வருவார்கள். நம் பக்கம் அதிகம் விற்பவை 43, 52 சி.சி. அவையும் வெளியேதான்.

"50 சி.சி.க்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாமாமே" என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த 50 சி.சி. கணக்கு வயதைப் பற்றியது. கியர் இல்லாத 50 சி.சி. வண்டியை 16 வயதிலேயே ஓட்டலாம். அதுவும் லைசென்ஸ் எடுத்துத்தான்.

3. பேட்டரி என்றால் நான்கு நிபந்தனைகள். நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(யு) என்று ஒரு விதி இருக்கிறது. தொடர்ந்து முப்பது நிமிடம் ஓடும்போது மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மிதிக்கும்போது துணைக்கு ஓடும் மோட்டார் என்றால், வேகம் கூடக் கூட மோட்டாரின் இழுப்பு குறைந்துகொண்டே வந்து 25-இல் அடியோடு நிற்க வேண்டும். நீ மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். மூன்றாவது, சரியான பிரேக்கோடு, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டர்.

நான்காவது: இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்று விதி 126-இல் சொல்லப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐ.கேட், நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. இவை அப்படிப்பட்ட நிறுவனங்கள். "250 வாட் மோட்டார்தானே சார்" என்று வாயால் சொல்வதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆகவே முழு மின்சைக்கிள் வாங்கினாலும் கிட் வாங்கினாலும், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, சான்றிதழின் நகல். சைக்கிளுக்குத் தந்த சான்றா, வெறும் மோட்டாருக்குத் தந்த சோதனை ரிப்போர்ட்டா என்று படித்துப் பார். இழுத்தடிக்கிற கடையை விட்டுவிடு.

4. ஸ்டிக்கரை நம்பாதே, கன்ட்ரோலரைப் பார்.

மோட்டார் மேல் 250 என்று அச்சடித்திருக்கும். கன்ட்ரோலரில் 36 வோல்ட், 15 ஆம்பியர் என்று போட்டிருக்கும். பெருக்கிப் பார், 540 வாட் வருகிறது. பேட்டரியிலிருந்து அவ்வளவு இழுக்க வழி செய்துவிட்டு 250 என்று சொல்வது எடுபடாது. 36 வோல்ட் பேட்டரிக்கு 7 ஆம்பியர் கன்ட்ரோலரே 250-ஐத் தொட்டுவிடும்.

வேகத்தையும் இப்படியே கணக்குப் போடலாம். நம் ஊர் 28 இஞ்ச் சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 417 மீட்டர். அதாவது சக்கரம் நிமிடத்துக்கு 190 சுற்றுக்குள் நிற்க வேண்டும். ஹப் மோட்டார் வாங்கும்போது 300-க்கு மேல் ஆர்.பி.எம். என்று பெருமையாகச் சொன்னால், அது உனக்கு வேண்டாத பெருமை. சில கன்ட்ரோலரில் வேகத்தைக் கட்டிப்போடும் வயர் ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிடச் சொல்லித் தர ஆயிரம் பேர் வருவார்கள். கழற்றிய அந்த நிமிடமே உன் சைக்கிள் பதிவில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடும்.

5. வீட்டில் செய்த ஒற்றை வண்டியைப் பதிவு செய்யலாம் என்று கனவு காணாதே.

புது வண்டியைப் பதிவு செய்ய ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவம் 20 கொடுக்க வேண்டும். அதோடு விற்பனைச் சான்றாகிய படிவம் 21, வண்டி சாலைக்குத் தகுதியானது என்று உற்பத்தியாளர் தரும் படிவம் 22, இன்சூரன்ஸ், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் வேண்டும். உனக்குப் படிவம் 22 யார் தருவார்? அந்த மாடலுக்குச் சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் வாங்கிய உற்பத்தியாளர்தான் தர முடியும். அந்த ஒப்புதல் ஒரு மாடலைத் தயாரித்து விற்கப்போகிற கம்பெனிக்காக அமைந்தது. அதற்கான நேரமும் செலவும் ஒரே ஒரு சைக்கிளுக்குக் கட்டுப்படியாகாது. "கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் நம்பர் வாங்கித் தருகிறேன்" என்று புரோக்கர் யாராவது சொன்னால், அவர் வாங்கித் தரப்போவது உன் வண்டியின் நம்பர் அல்ல.

பதிவு தேவைப்படாத அளவுக்குள் வண்டியைச் செய் என்று நான் சொல்வது இதனால்தான். பதிவு தேவைப்படும் வண்டியைச் செய்துவிட்டுப் பதிவைத் தேடி அலைவது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது போல.

6. பழைய வண்டியின் நம்பர் பிளேட்டைக் கழற்றி மாட்டாதே.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இந்த யோசனை புத்திசாலிப் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. ஓடாத மொபெட் ஒன்று வீட்டில் கிடக்கும், அதற்கு ஆர்.சி. இருக்கும். அந்த நம்பரை இதில் மாட்டினால் என்ன? ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் உன் வண்டியில் இருக்காது. அது வரைக்கும் வெறும் அபராதத்தில் முடிந்திருக்க வேண்டியது, அப்போது ஏமாற்றுக் குற்றமாக மாறிவிடும். ஆர்.சி.யில் பதிந்திருக்கும் விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது.

7. பிடிபட்டால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்.

எல்லை தாண்டிய வண்டி பிடிபட்டால் ஒரு குற்றம் அல்ல, ஒரு கொத்து. பதிவில்லாமல் ஓட்டியதற்கு முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 207-ஆம் பிரிவின்படி வண்டியையே பிடித்து வைக்கலாம். ஓட்டியவன் பதினெட்டு நிரம்பாத பையன் என்றால் அப்பா அம்மாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

இதைவிடப் பெரியது விபத்து. மோட்டார் வாகனம் மோதி ஒருவர் இறந்தால், யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே ஐந்து லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் இழப்பீடு கேட்க 164-ஆம் பிரிவு இடம் தருகிறது. இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் உன் வீட்டுப் பத்திரம்.

விலக்குக்குள் இருக்கும் சைக்கிள்காரரும் ரொம்ப நிம்மதியாகிவிட வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, பொதுச் சாலையில் எந்த வாகனத்தையும் கண்மண் தெரியாமல் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 'எந்த வாகனத்தையும்' என்றால் சைக்கிளும் சேர்த்துத்தான்.

8. மோட்டாருக்கு முன் பிரேக்கைச் செய்.

பதினைந்தில் மிதித்துப் போன சைக்கிள் இருபத்தைந்தில் போகும்போது, அதை நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் கணக்கு இது. பழைய ராடு பிரேக், அதுவும் மழையில் நனைந்த ரிம்மில், இதற்குத் தாங்காது. முன்னால் டிஸ்க் அல்லது நல்ல காலிப்பர் போடு. பிரேக் பிடித்ததும் மோட்டாருக்குக் கரன்ட் அறுந்துபோகும் கட்-ஆஃப் லீவரை இரண்டு பக்கமும் கட்டாயம் போடு. முன் சக்கரத்தில் ஹப் மோட்டார் என்றால், அதன் அச்சு எதிர்ப்பக்கம் சுழன்று ஃபோர்க்கின் வாயைப் பிளந்துவிடும். அச்சைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டையை ஃபோர்க்கோடு சேர்த்துப் பூட்டாமல் சாவியைத் திருப்பாதே. விலக்குக்குள் இருக்கும் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைச் சட்டம் கேட்காது. நான் கேட்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கு.

9. பேட்டரியில் சிக்கனம் பார்க்காதே.

பழைய லேப்டாப் செல்களைப் பொறுக்கி, சால்டரிங் அடித்து, டேப் சுற்றிப் பேட்டரி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு செல்லின் வயதும் வேறு. பலவீனமான ஒன்று சூடேறினால் மற்றதெல்லாம் அதன் பின்னால் போகும். பி.எம்.எஸ். போர்டு உள்ள, கட்டித் தந்தவர் பொறுப்பேற்கும் பேட்டரியை வாங்கு. 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 42 வோல்ட்டில் நிற்க வேண்டும். சார்ஜர் அதற்கென்றே உள்ளதாக இருக்கட்டும். படுக்கையறையிலும், வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியிலும் வைத்துச் சார்ஜ் போடாதே. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அது கடையில் வாங்கிய வண்டி. கையால் கட்டிய பேட்டரிக்கு இன்னும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

10. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று முதலிலேயே முடிவு செய்.

25 கிலோமீட்டர் வேகம் போதும் என்றால், சான்றுள்ள கிட் வாங்கி, பில், சான்றிதழ் நகல், கன்ட்ரோலர் விவரம் மூன்றையும் போனிலும் கேரியர் பையிலும் வைத்துக்கொள். நிறுத்திக் கேட்கும் காவலருக்கு 2(யு) விதி தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே, மரியாதையாகக் காகிதத்தைக் காட்டு. சோதனைக்காகவும் கல்லூரி புராஜெக்டுக்காகவும் பெரிய மோட்டார் பூட்டியே ஆக வேண்டுமென்றால், பொதுமக்கள் நுழைய முடியாத கல்லூரி மைதானத்திலும் சொந்தத் தோட்டத்திலும் ஓட்டு, ரோட்டுக்குக் கொண்டு வராதே. நன்றாக ஓடுகிறதே என்று நாலு பேருக்குச் செய்து விற்கவும் கிளம்பாதே. ஒப்புதல் இல்லாத மோட்டார் வாகனத்தை விற்கும் உற்பத்தியாளருக்கு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 182-ஏ பிரிவு எழுதி வைத்திருக்கிறது.

25 போதாது என்றால், ஆர்.சி. சரியாக உள்ள பழைய மொபெட் ஒன்றை வாங்கு. படிவம் 29, 30 கொடுத்து முப்பது நாளுக்குள் உன் பெயருக்கு மாற்று. பதினைந்து வருடம் தாண்டியிருந்தால் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள். இன்சூரன்ஸ் போடு, லைசென்ஸ் எடு. கையில் இருக்கும் தொழில் ஆசைக்கு அந்த வண்டியின் கார்புரேட்டரிலும் கிளட்சிலும் வேண்டிய மட்டும் வேலை கிடைக்கும். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம், வேண்டிய உதவியும் செய்வேன். சைக்கிள் என்று சொல்லிக்கொண்டு நாற்பதில் பறக்கும் வண்டிக்கு மட்டும் என் பட்டறையில் ஒரு நட்டுகூட முறுக்கித் தர மாட்டேன்.