தேனீயின் இனம் அறிதல்

எள்ளும் சூரியகாந்தியும் பூக்கும் நிலத்தருகே தேனீப் பெட்டி வைப்பது நன்று என்பதை நாம் அறிவோம். எத்தேனீயை வைப்பது என்பதே பெட்டி வாங்குமுன் தெளிய வேண்டிய வினா.

நம் நாட்டில் பெட்டியில் வளர்ப்பவை பெரும்பாலும் இரண்டு: நமது இந்தியத் தேனீ; மேனாட்டினின்று வந்த இத்தாலியத் தேனீ. முன்னது உருவிற் சிறியது. ஐயமுண்டாயின் பின்னிறகை நோக்குக. அதன் நடு நரம்பு ஓரத்தை நோக்கி நீண்டிருப்பின் அஃது இந்தியத் தேனீ. இத்தாலியத் தேனீயில் அந்நீட்சி பெரும்பாலும் இராது. இதற்குக் கைப் பூதக்கண்ணாடியே போதும்.

ஓரினத்துள் உட்பிரிவு காண்பதுதான் அரிது. நெசவாளர் நூலின் நம்பரைக் கண்மதிப்பாற் கூறாது, நீளமும் எடையும் கண்டே துணிவர். அவ்வாறே விஞ்ஞானிகளும் நாக்கின் நீளம், இறகு நரம்புகளின் விகிதம், முன்னிறகையும் பின்னிறகையும் பிணைக்கும் கொக்கிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பல தேனீக்களில் அளந்து முடிவு செய்வர். இவ்வழியே ஃபிரீட்ரிஷ் ருட்னர் என்னும் அறிஞர் 1988-இல் வெளியிட்ட நூலில், நம் தேனீயினத்தை ஆசியா முழுவதற்குமாக நான்கு உட்பிரிவாக வகுத்தார். தென்னாட்டுத் தேனீ 'இண்டிகா' என்னும் பிரிவில் அடங்கியது. 2022-இல் கேரள விஞ்ஞானிகள், இறகு நரம்பின் விகிதத்தை ஆதாரமாகக் கொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கருந்தேனீயைத் தனியினமென்று அறிவித்தனர்.

1931-இல் பெர்லினில் தோன்றிய எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இத்துறைக்குப் பெருந்துணை. ஒளிக்கு மாறாக எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தும் இக்கருவி, இறகுக் கொக்கியின் வளைவையும், கொடுக்கின் முட்களையும், உணர்கொம்பின் நுண்மயிரையும் தெளிவுறக் காட்டும்.

நோய்க் கிருமியைக் காணவும் இக்கருவியே வேண்டும். 'தாய் சாக்புரூட்' என்னும் நோயின் வைரஸ், ஒரு மில்லிமீட்டரை முப்பதினாயிரம் கூறிட்டால் வரும் ஒரு கூற்றளவே. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது தென்படாது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் இந்நோய் தென்னாட்டில் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பகுதியை அழித்தது. இத்தாலியத் தேனீ அவ்வாறு அழியவில்லை. இனம் அறிவது வீண் ஆராய்ச்சியன்று என்பதற்கு இதுவே சான்று.

ஆதலின், தொலைவிலிருந்து வரும் பெட்டியைச் சோதியாது ஏற்கலாகாது. அடையைத் திறந்து, புழுக்கள் நீர் கோத்த பைபோல் மடிந்து கிடக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஐயமிருப்பின் அப்பெட்டியை விலக்கி, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கலந்துகொள்வது நலம்.

எள் விதை வாங்குகையில் டி.எம்.வி. 3-ஆ, 7-ஆ என்று ரகம் கேட்கிறோம். தேனீயையும் இனம் கேட்டே வாங்குவோமாக.