உணவை மறுக்கும் ஆமை

 

ஆமை தமிழர்க்குப் புதிய உயிரன்று. ஐம்புலன்களையும் அடக்கி வாழ்வதற்கு உவமையாக வள்ளுவர் ஆமையையே எடுத்துக்காட்டினார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்னும் பழமொழியும் நம்மிடையே வழங்கி வருகின்றது. எனினும், இன்று நம் சுங்கை வே வட்டாரத்தில் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் ஆமை வளர்க்கும் பிள்ளைகள் உள்ளனர். சிலர் கடையில் வாங்குகின்றனர். சிலருக்குத் தோட்டத்தில் வேலை செய்யும் உறவினர் செம்பனைக் கால்வாயிலிருந்து எடுத்து வந்து கொடுக்கின்றனர். சில நாள்களில், "ஆமை எதையும் உண்ண மாட்டேன் என்கிறது" என்னும் கவலை பிறக்கின்றது. அவ்வேளையில் நாம் செய்ய வேண்டியது யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஆமைக்கு அழத் தெரியாது. குரைத்து அழைக்கவும் தெரியாது. தன் இருப்பிடத்திலோ உடலிலோ குறை ஏற்பட்டால், அது உண்ணாமல் இருந்தே நமக்கு உணர்த்துகின்றது. ஆகவே, ஆமையின் வாயைத் திறக்க முயல்வதற்கு முன்னர் அது வாழும் இடத்தை ஆராய்தல் வேண்டும்.

எவ்வகை ஆமை?

தமிழில் ஆமை என்னும் ஒரே சொல்லால் பலவற்றைக் குறிக்கின்றோம். நில ஆமை புல், இலை, பூ ஆகியவற்றை உண்டு தரையில் வாழ்வது. கடைகளில் விற்கப்படும் சிவப்புக் காது ஆமை அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த நீர் ஆமை. நம் நாட்டுச் சதுப்புகளிலும் கால்வாய்களிலும் வாழ்வது மூடி ஆமை. அதன் அடி ஓட்டில் கீல் போன்ற அமைப்பு உண்டு. அச்சமுற்றால் தலை, கால்களை உள்ளிழுத்துப் பெட்டியைப் போல் மூடிக்கொள்ளும். மலாய் மொழியில் இதனைக் கூரா-கூரா காத்தூப் என்பர்.

இவ்வேறுபாட்டை அறியாமையே பல துன்பங்களுக்குக் காரணம். சிவப்புக் காது ஆமை நீரின் துணையின்றி எளிதில் விழுங்க இயலாதது. அதனைத் தரையில் விட்டு உணவு வைத்தால் உண்ணாது. அதே உணவை நீரில் இட்டால் உண்ணக்கூடும். நில ஆமையோ நீந்த அறியாது. அதனை ஆழமான நீரில் விட்டால் மூழ்கி இறந்துவிடும்.

வெப்பமும் வெயிலும்

நம் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கின்றது. ஆமைக்கு அவ்வாற்றல் இல்லை. சுற்றுப்புறத்தின் வெப்பமே அதன் உடல் வெப்பம். உடல் குளிர்ந்தால் செரிமானம் தளரும், பசியும் குறையும். நம் நாடு வெப்ப நாடாயிற்றே என்று நீங்கள் வினவலாம். ஆனால், வீட்டின் பின்புறத்தில் வெயில் படாத சிமெந்துத் தொட்டியும் குளிர்சாதன அறையும் ஆமைக்குக் குளிர்ந்த இடங்களே. பொதுவாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் இவ்வகை ஆமைகளுக்கு ஏற்றது.

காலை வெயில் இன்றியமையாதது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் தோலில் படும்போது ஆமையின் உடலில் உயிர்ச்சத்து 'டி' உண்டாகின்றது. அது இல்லையேல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. ஓடும் எலும்பும் மென்மையாகிவிடும். கண்ணாடிச் சன்னல் வழியாக வரும் வெயிலில் இப்பயன் இல்லை. கண்ணாடி அக்கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடும். வெயிலில் வைக்கும்போது பாதி இடம் நிழலாக இருத்தல் வேண்டும். நிழலற்ற சிறு தொட்டியில் நண்பகல் வெயிலில் விடப்பட்ட ஆமை விரைவில் இறந்துபோகும்.

நீரும் உணவும்

அடுத்து நீரைக் கவனிப்போம். நீர் ஆமை வாழும் நீரிலேயே கழிவையும் இடுகின்றது. நாறும் நீரில் நாம் உண்போமா? நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். ஏறி அமர்ந்து உடலை உலர்த்திக்கொள்ள ஒரு கல்லும் வைத்தல் வேண்டும். உண்ணாத நில ஆமையை, அதன் கன்னத்திற்குக் கீழ் நிற்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். அது நீரைப் பருகும், மலச்சிக்கலும் நீங்கக்கூடும். அவ்வேளையில் அதனைத் தனியே விட்டுச் செல்லல் ஆகாது.

இனி உணவு. சோறு, ரொட்டி, பால், குழம்பு ஆகியவை ஆமைக்கு உணவல்ல. நில ஆமைக்குப் புல், செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ ஆகியவற்றை மாற்றி மாற்றி இடலாம். மூடி ஆமைக்குக் கங்கோங் கீரையும் பழுத்த பப்பாளித் துண்டும் மண்புழுவும் பிடிக்கும். நீர் ஆமைக் குஞ்சுகள் புழு, சிறு மீன் போன்றவற்றை மிகுதியாக உண்ணும். வளர வளரக் கீரையையும் மிகுதியாக ஏற்கும். உலர்ந்த இறாலை மட்டுமே நாள்தோறும் இட்டால் உயிர்ச்சத்து 'ஏ' குறைந்து கண் இமைகள் வீங்கும். கண் தெரியாத ஆமை உணவைத் தேடுவது எங்ஙனம்?

புதிதாக வந்த ஆமை சில நாள்கள் உண்ணாதிருப்பது இயல்பே. அதனை அடிக்கடி கையில் எடுக்காமல், மறைந்துகொள்ள ஓர் இடம் அமைத்து, உணவை வைத்துவிட்டு விலகிச் செல்க. முட்டையிடும் பருவத்திலுள்ள பெண் ஆமையும் உணவைக் குறைக்கும். அதற்கு ஈர மணல் உள்ள இடம் வேண்டும்.

ஓர் உண்மை நிகழ்ச்சி

அட்லாந்திக் பெருங்கடலில் செயின்ட் எலினா என்னும் தீவு உள்ளது. நெப்போலியன் 1821ஆம் ஆண்டில் உயிர் நீத்தது அங்கேதான். அத்தீவுக்கு 1882ஆம் ஆண்டில் சேஷல்ஸ் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆமையே ஜோனதன். அது ஏறத்தாழ 1832ஆம் ஆண்டில் பிறந்திருக்கலாம் என்று கணிக்கப்பட்டுள்ளது. முதுமையில் அதன் கண் பார்வை மங்கிற்று. மோப்ப ஆற்றலும் குன்றிற்று. புல்லைக் கடிக்கும் அதன் அலகு மழுங்கி உதிரத் தொடங்கிற்று. ஆமைக்குப் பல் கிடையாது. அலகே அதற்குப் பல். கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் வாரந்தோறும் பழங்களையும் காய்கறிகளையும் கையால் ஊட்டச் செய்தார். நாளடைவில் சத்துக் கூடி, அலகு மீண்டும் கூர்மை பெற்றது. ஜோனதன் தானே புல் மேயலாயிற்று. வாயைப் பிளந்து திணிக்காமல், குறை எங்கே என்று கண்டறிந்து பொறுமையுடன் நீக்கியதால் வந்த பயன் இது.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

காட்டு விலங்குகள் தம் நோயை மறைக்கும் இயல்புடையன. ஆமையும் அவ்வாறே. எனவே, வாரம் ஒரு முறை அதனை நிறுத்து, எடையைக் குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று. எடை தொடர்ந்து குறைதல், மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடல், நீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதத்தல், கண் வீக்கம், ஓடு மென்மையாதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவமனை உண்டு. நாமாகவே மருந்து கொடுப்பது தீங்காகும். உயிர்ச்சத்து 'ஏ' கூட அளவு மீறினால் நஞ்சாகும்.

நம் கடமை

காட்டு ஆமைகள் பலவற்றை நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. அவற்றை உரிமமின்றி வளர்ப்பது குற்றம். இந்தியாவிலிருந்து கோலாலம்பூருக்குக் கடத்தப்படவிருந்த நட்சத்திர ஆமைகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளன. அவ்வாறு பெட்டிக்குள் அடைபட்டு வந்த உயிர் உணவை மறுப்பதில் வியப்பென்ன? ஆதலால், கால்வாயில் ஆமையைக் கண்டால் அங்கேயே விட்டுவிடுவோம். அதற்கு ஏற்ற உணவும் வெயிலும் அங்கே உள்ளன. முன்பே எடுத்து வந்திருந்தால், வனவிலங்குத் துறையினரிடம் ஒப்படைத்தல் முறை. ஆனால், கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமையைக் குட்டைகளிலோ கோயில் குளங்களிலோ விடுதல் கூடாது. அது நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும்.

ஆமையைத் தொட்டபின் வழலையிட்டுக் கைகளைக் கழுவுக. ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். சிறு பிள்ளைகள் அதனால் நோயுற்றமையால், 4 அங்குலத்திற்கும் சிறிய ஆமைகளை விற்பதற்கு அமெரிக்க அரசு 1975ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது.

வாயில்லா உயிரை வீட்டிற்குக் கொண்டுவந்தால், அதன் பசிக்கு மட்டுமன்றி, அதன் வெயிலுக்கும் நீருக்கும் அமைதிக்கும் நாமே பொறுப்பாவோம்.

பயிற்சி வினாக்கள்

1. சிவப்புக் காது ஆமைக்கு உணவை நீரில் இடுவது ஏன்?
2. கண்ணாடி வழியாக வரும் வெயில் ஆமைக்குப் பயன்படாதது ஏன்?
3. ஜோனதன் மீண்டும் தானே மேயத் தொடங்கியது எவ்வாறு?
4. உங்கள் தந்தையார் கால்வாயில் ஓர் ஆமையைக் கண்டதாகக் கூறினால், நீங்கள் அவரிடம் யாது கூறுவீர்?