எண்ணும் எழுத்தும் விளையாடும் களம்

இங்கிலாந்து தேயத்தில் நண்பகல் கழிந்து தேநீர் வேளை அணுகும் பொழுதில் தொலைக்காட்சியிற் காணப்படும் விளையாட்டொன்று உண்டு. 'கவுண்ட்டவுன்' என்பது அதன் பெயர். 'சானல் 4' என்னும் நிலையம் 1982 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2 ஆம் நாள் தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது முதன்முதற் காட்டிய நிகழ்ச்சி இதுவே. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அது நின்று நடைபெறுகின்றது. வெற்றி பெற்றோர்க்குப் பொற்கிழி இல்லை. தேநீர்க் கெண்டி ஒன்றே பரிசில். அங்ஙனமாயினும் இதன்பால் அன்பு பூண்டோர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து போகாமல், அன்று வந்த சொற்களையும் எண்களையும் பற்றி நாட்கணக்கில் வாதிடுகின்றனர். தேநீர்க் கெண்டிக்கும் இத்துணை வாதத்திற்கும் பொருத்தம் யாது என்னும் ஐயமே யான் இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்குக் காரணம்.

இவ்விளையாட்டு ஆங்கிலேயர் தாமே கண்டதன்று. பிரெஞ்சு தேயத்தில் அர்மான் ஜாமோ என்பவர் 1965 இல் 'மிக நீண்ட சொல்' என்று பொருள்படும் பெயரால் எழுத்தாட்டம் ஒன்றை அமைத்தார். 1972 இல் எண்ணாட்டமும் அதனொடு சேர்ந்து, 'எண்களும் எழுத்துக்களும்' என அது பெயர் பெற்றது. அதன் வழித்தோன்றலே ஆங்கில நிகழ்ச்சி. தாய் 2024 இல் ஒளிபரப்பினின்று நீங்கிவிட்டாள்; மகள் இருக்கின்றாள்.

ஆட்டத்தின் முறையைச் சுருங்கக் கூறுவல். ஆடுவோர் இருவர். எழுத்துச் சுற்றில் உயிரெழுத்து வேண்டுமா, மெய்யெழுத்து வேண்டுமா என்று மட்டும் ஒருவர் கேட்கலாம்; எவ்வெழுத்து வரும் என்பது கவிழ்த்து வைத்த அட்டைகளின் செயல். ஒன்பது எழுத்துக்கள் நிரம்பியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். 30 நொடிக்குள் அவற்றால் ஆகும் மிக நீண்ட சொல்லைக் காணல் வேண்டும். சொல்லின் எழுத்தெண்ணிக்கையே மதிப்பெண். ஒன்பதெழுத்துச் சொல்லுக்கு மாத்திரம் 18. நீண்ட சொல் கூறியவரே மதிப்பெண் பெறுவர். இருவரும் ஒத்த நீளங் கூறின் இருவர்க்கும் உண்டு. எண் சுற்றில் ஆறு எண்கள் தரப்படும். 25, 50, 75, 100 என்னும் பெரிய எண்கள் நான்கும், 1 முதல் 10 வரையுள்ள சிறிய எண்கள் இவ்விரண்டும் ஆக 24 அட்டைகளினின்று அவை எடுக்கப்படும். கருவி ஒன்று மூன்றிலக்க எண் ஒன்றைக் காட்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கினாலேயே, எவ்வெண்ணையும் இருமுறை ஆளாமல், அவ்விலக்கை அடைதல் வேண்டும். அடைந்தோர்க்கு 10, ஐந்திற்குள் அணுகினோர்க்கு 7, பத்திற்குள் அணுகினோர்க்கு 5. இறுதியில் ஒன்பதெழுத்துக்கள் கலைந்து நிற்கும் புதிர்ச்சொல் ஒன்று வரும். முந்தி மணியடித்துச் சரியாகக் கூறியவர்க்கு 10. கலைந்த எழுத்து என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டொன்று: வண்டியிழுக்கும் குதிரையைக் குறிக்கும் 'கார்ட்ஹார்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களையே மாற்றி அடுக்கினால் இன்னியக் குழுவைக் குறிக்கும் 'ஆர்க்கெஸ்ட்ரா' ஆகின்றது.

இவற்றுள் யான் பெரிதும் வியந்தது ஒரு சிறு வழக்கம். கடிகாரம் நின்றதும் ஆடுவோர் சொல்லைக் கூறார். அதன் நீளத்தை மட்டுமே முதற்கண் கூறுவர். இருவரும் 'ஏழு' என்று கூறினால், சொல்லைத் தாளில் எழுதாதவர் 'எழுதவில்லை' என்று தாமே அறிவித்து, தம் சொல்லை முன்னர்க் கூறிவிடல் வேண்டும். மற்றவர் சொல்லைக் கேட்டு அதனையே தமதென்று கூறாமைப் பொருட்டே இவ்வேற்பாடு.

நிற்க. ஆட்டத்தின் அன்பர்கள் செய்வது யாது? பழைய ஆட்டங்களைச் சுற்றுச் சுற்றாகப் பதிந்து வைத்திருக்கின்றனர். பல ஊர்களிற் கூடித் தமக்குள்ளே போட்டி நடத்துகின்றனர். ஆடினோர் ஏழெழுத்துக் கண்ட இடத்தில் எட்டெழுத்து இருந்ததா என ஆராய்கின்றனர். இவ்வாராய்ச்சியிற் பிறந்த நுட்பங்களுள் ஒன்று, சொல்லைத் தேடாமல் சொல்லின் கருவைத் தேடுவது. விழித்திரைக்குரிய 'ரெட்டினா' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறெழுத்துக்கள் ஆர், ஈ, டி, ஐ, என், ஏ என்பன. இவற்றொடு 'பி' சேரின் ஓவியராகிய 'பெயின்டர்' பிறக்கும். 'ஜி' சேரின் கருங்கல்லாகிய 'கிரானைட்'. 'சி' சேரின் உறுதி எனப் பொருள்படும் 'செர்டன்'. இன்னும் ஓர் 'ஆர்' சேரின் பயிற்றுவோராகிய 'டிரெய்னர்'. அவ்வெழுத்துக்களே நிலப்பாங்கைக் குறிக்கும் 'டெரெயின்' ஆகவும் நிற்கும். விழித்திரைக்கும் கருங்கல்லுக்கும் பொருளால் உறவு யாதும் இல்லை. பொருளை மறந்து வடிவை நோக்கும் கண்ணுக்கே இவ்வுறவு புலப்படும். நாம் பள்ளியிற் பயின்ற பழக்கம் இதற்கு நேர்மாறானது. சொல்லைக் கண்டதும் பொருளுக்குப் பாய்ந்துவிடுகின்றோம்.

இத்தகைய எழுத்து விளையாட்டு வீண்பொழுது என்பார் உளர். அவர்க்கு ஒன்று சொல்வேன். எபிரெய மொழியின் 22 எழுத்துக்களையும் முறையே முதலாகக் கொண்டு, எழுத்தொன்றுக்கு எட்டு வசனமாக 176 வசனங்களில் அமைந்தது 119 ஆம் சங்கீதம். நம் தண்டியலங்காரமும் எழுத்து வருத்தனம், மாலைமாற்று, கரந்துறை செய்யுள் முதலியவற்றைச் சொல்லணியுள் வைத்து இலக்கணங் கூறுகின்றது. எழுத்தோடு விளையாடுதல் பெரியோர்க்கும் உரியதாகவே இருந்துவந்தது.

அன்பர்களின் வாதங்களுள் மிகச் சூடானது எது சொல், எது சொல்லன்று என்பது. ஆங்கிலத்திற் பேசப்படுவன எல்லாம் இங்கே சொல்லாகா. ஆக்ஸ்போர்டு அகராதியே நடுவர். 1992 முதல் அவ்வகராதி மூலையில் அமர்ந்து தீர்ப்புரைப்பவர் சூசி டென்ட் அம்மையார். மனிதர் பெயரும் ஊர்ப்பெயரும் செல்லா. ஓரசைப் பண்புச் சொற்கள் ஒப்புமை விகுதி பெறலாம். பலவசைச் சொற்களாயின் அவ்வடிவத்தை அகராதியே காட்டல் வேண்டும். எண்ணப்படாமல் அளக்கப்படும் பொருட்பெயர்கள், அகராதி ஒப்பினாலன்றிப் பன்மை விகுதி ஏலா. இவ்விதியால் எட்டெழுத்துச் சொல் ஏழெழுத்தாகிப்போய்த் தோற்றவர் உண்டு. எண்ணலளவை வேறு, முகத்தலளவை வேறு என்று நாம் இலக்கண வகுப்பில் உருப்போடுவது, அங்கே ஒருவருடைய வெற்றி தோல்வியாகவே வந்து நிற்கின்றது. ஒரு சொல் வழக்கில் உண்டு, அகராதியில் இல்லை என்று வரும்போது அன்பர்கள் இரு கட்சியாகப் பிரிகின்றனர். வழக்கே பெரிது என்பார் ஒரு சாரார். எழுதிய சட்டமின்றி ஆட்டமில்லை என்பார் மற்றொரு சாரார். யான் உள்ளத்தால் முன்னவர் பக்கமே. எனினும் 30 நொடியில் இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்ல வேண்டுமாயின் பின்னவர் கூற்றையன்றிக் கைக்கொள்ளத்தக்கது வேறில்லை.

இனி எண் சுற்று. இதனைக் குறித்து எழுத எனக்குச் சிறிது நாணம் உண்டு. பள்ளியிறுதியோடு கணக்கை விட்டு ஓடி வந்து தமிழிற் சேர்ந்தவன் யான். கணக்கு விரைந்த மூளையுடையார்க்கே உரியது என்று நம்பியிருந்தவன். கணிதம் பயிலும் அறை நண்பர் ஒருவரே இவ்வாட்டத்தை எனக்குக் காட்டினார். பெரிய எண் எத்தனை வருகின்றது என்பதைக் கொண்டு எண்ணியபோது, ஆறெண் தொகுதிகளின் வகை 13,243 என்று அவர் கணக்கிட்டுக் கொடுத்தார். மூன்றிலக்க இலக்குக்கள் ஏறத்தாழ 900. ஆகவே எழக்கூடிய கணக்குக்கள் ஒரு கோடியே 19 இலட்சத்துக்கு மேற்படும். இவற்றை உருப்போட்டு ஆடுதல் ஒருவர்க்கும் இயலாது. பின் எங்ஙனம் ஆடுகின்றனர்?

எளியதொன்று காண்க. எண்கள் 100, 9, 8, 5, 3, 1. இலக்கு 813. நூற்றை எட்டாற் பெருக்கி 800 என்று கொண்டு, எஞ்சிய 13 ஐத் தேடுவோர் பலர். 9, 3, 1 என்பவற்றைக் கூட்டினால் 13 கிடைத்துவிடும், குற்றமில்லை. ஆயின் பழகியவர் முன்னரே நூற்றோடு ஒன்றைக் கூட்டி 101 ஆக்கி, எட்டாற் பெருக்கி 808 பெற்று, ஐந்தைக் கூட்டுவர். பெருக்கிய பின் திருத்துவது ஒரு வகை. பெருக்குமுன் திருத்துவது மற்றொரு வகை. முன்னே கூட்டிய ஒன்று பின்னே எட்டாகின்றது. சிறிய எண்ணுக்குப் பெரிய வலிமை வருவது இவ்விடத்தே.

இதனினும் அரியது 1997 இல் வந்த ஆட்டம். அன்பர்கள் இன்றும் அதனைப் பேசுகின்றனர். போட்டியாளர் ஒருவர் நான்கு பெரிய எண்களையும் கேட்டு வாங்கினார். வந்தவை 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. நூற்றோடு ஆறைக் கூட்டினால் 106. அதனை ஒன்பதாற் பெருக்கினால் 954. இரண்டைக் கழித்தால் 952. இதுவரை எவரும் வரலாம். ஒன்பதுக்கு எங்கே போவது? 75 ஐ மூன்றாற் பெருக்கி 25 ஆல் வகுத்தால் ஒன்பது. இரண்டுக்கு எங்கே போவது? 50 ஐ 25 ஆல் வகுத்தால் இரண்டு. இங்கேதான் இடர். 25 என்னும் எண் ஒன்றே உளது, வேண்டுவதோ இருமுறை. யான் இவ்விடத்தில் எழுதுகோலை வைத்துவிட்டேன்.

அப்போட்டியாளர் செய்தது இது. 106 ஐ மூன்றாற் பெருக்கினார், 318. அதனை 75 ஆற் பெருக்கினார், 23,850. அதனினின்று 50 ஐக் கழித்தார், 23,800. அதனை 25 ஆல் வகுத்தார், 952. மூன்றிலக்க எண்ணைத் தேடிப் புறப்பட்டவர் இருபத்து மூவாயிரத்துக்கு ஏறுவானேன் என்று பார்ப்போர் திகைப்பர். திகைப்புக்கு இடமில்லை. இரண்டு இடத்தில் தனித்தனியே வகுக்க வேண்டியிருந்ததை, வகுத்தலை இறுதிக்கு ஒதுக்கி, இரண்டையும் ஒருங்கே வகுத்தார், அவ்வளவே. இரு கடன்காரர்க்குத் தனித்தனிச் செல்லாமல் இருவரையும் ஓரிடத்திற் கூட்டி ஒரே நாணயத்தால் தீர்த்ததை ஒக்கும். இதனை நண்பர் தாளிலெழுதி விளக்கியபோது எனக்குண்டான மகிழ்ச்சி சிறிதன்று. பள்ளியில் ஆண்டுகள் பல 'அடைப்புக்குறியை நீக்குக' என்று செய்த கணக்கும் இதுவே. அது எதற்காக என்பதை அன்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை.

ஆகவே 30 நொடியில் வெளிப்படுவது விரைவன்று. முன்னரே கழிந்த பல மணிநேரங்களின் பயன். ஆட்டத்திற்குப் பின் அன்பர்கள் நடத்தும் வாதமே அம்மணிநேரங்கள். விடை கண்ட வழியை ஒருவர் கூற, அதனினும் நேரிய வழியை மற்றொருவர் காட்ட, மூன்றாமவர் இவ்வழி வேறெங்கெல்லாம் செல்லும் என ஆராய, ஒருவர் கண்டது பலர்க்கும் உடைமையாகின்றது. என் ஐயம் இவ்விடத்தே தீர்ந்தது. கெண்டியைப் பெறுபவர் ஒருவர். வழியைப் பெறுவோர் பலர்.

தமிழில் இவ்வாட்டம் ஆடவியலுமா என்று நண்பர்கள் என்னை வினவினர். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்டால் ஆட்டம் நடவாது. ஒன்பது அட்டைகளில் ஒன்றோடொன்று பொருந்துவன மிகச் சிலவாகும். உயிரையும் மெய்யையும் பிரித்துக்கொண்டால் நடக்கும். 'மரம்' என்பது ம், அ, ர், அ, ம் என ஐந்தெழுத்து. இங்கே நன்னூல் நமக்குக் கைவிளக்கு. மொழிக்கு முதலாவன 22, இறுதியாவன 24 என்று அது வரையறுத்திருத்தலால், எவ்வெழுத்தை எங்கே வைத்துப் பார்க்க வேண்டா என்பது தொடக்கத்திலேயே தெளிவாகும். ஒரு சொல்லினுள் உயிரும் உயிரும் அடுத்து நில்லா என்பதும் தேடும் பரப்பைக் குறைக்கும். ஆங்கிலத்தில் அன்பர்கள் பட்டறிவாற் கண்டவை நமக்குச் சூத்திரமாகவே கிடைத்திருக்கின்றன. குற்றியலுகரத்தை உகர அட்டையாகவே கொள்ளலாம் என்பது என் துணிபு; மாறுபடுவோர் வாதிட வருக.

அறையில் நாங்கள் ஆடியவற்றுள் இரண்டை இங்கே தருகின்றேன். எண் சுற்று: 100, 75, 9, 5, 4, 2, இலக்கு 933. எழுத்துச் சுற்று: ட், ஆ, ள், உ, வ், ட், இ, ய், ஐ. இதனுள் யாளி, வாளி என்பன உடனே தோன்றும். 'விடை' என்னும் சொல்லும் உளது, அது நான்கெழுத்தே. ஒன்பதும் அடங்கிய சொல் ஒன்று உண்டு. நண்பர் அதனை 30 நொடியிற் கண்டார், யான் காணவில்லை.