நோட்பேடில் ஒட்டிப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டும் ஒரு போன்கூட வரவில்லை என்று உன் அம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நீ அனுப்பிய ரெஸ்யூமேயை நேற்று வேர்டில் திறந்து பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. பக்கம் முழுக்க டேபிள், இடதுபக்கம் நீலப் பட்டை, ஜாவாவுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம்.

முழுவதையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டினேன். 'ஜாவா பி.இ. 2023, தமிழ் புராஜெக்ட்' என்று ஒன்றுக்குள் ஒன்று கலந்து விழுந்தது. நட்சத்திரம் படம் என்பதால் வரவே இல்லை. ஹெட்டரில் வைத்த உன் போன் நம்பரும் இல்லை! விண்ணப்பம் வாங்குகிற ஏடிஎஸ் மென்பொருள் எழுத்தை மட்டும் உருவித்தான் பெயர், படிப்பு, அனுபவம் என்று கட்டங்களை நிரப்பும். டேபிளிலும் ஹெட்டரிலும் இருப்பதைப் பல மென்பொருள்கள் கோட்டைவிடும். உன்னைக் கூப்பிட நினைத்தவர்கூட எந்த நம்பருக்குக் கூப்பிடுவார்?

உன் அப்பாவுக்கு 1988இல் நடந்தது இதேதான். வேலை விண்ணப்பத்தில் பூவேலைக் கட்டம் போட்டு அதற்குள் முகவரி வேண்டும் என்று அடம்பிடித்தான். நானும் தாளின் இடது மூலையில் டைப் அடித்துக் கொடுத்தேன். ஆபீசில் டேக் கட்டக் குத்திய ஓட்டை கதவு எண்ணிலேயே விழுந்தது. இன்டர்வியூ கார்டு தெருவெல்லாம் சுற்றி, தேதி போன பிறகு வந்தது. அவன் மறந்திருப்பான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீலப் பட்டைதான் பிடித்திருக்கிறது என்றால் வைத்துக்கொள், உன் இஷ்டம். ஆனால் ஆன்லைனில் ஏற்றுவதற்கு வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக எழுதிய ஒன்று வேண்டும். ஏரியலோ கலிப்ரியோ, 11 பாயின்ட் போதும். நம்பரும் மெயிலும் பெயருக்குக் கீழேயே வரட்டும், ஹெட்டரில் வேண்டாம். வேலை விளம்பரத்தில் கேட்கும் திறன் உனக்கு உண்மையிலேயே இருந்தால், அதே சொல்லால் எழுது. வேர்டு ஃபைலாகவோ, அதிலிருந்து சேமித்த பிடிஎஃப்பாகவோ அனுப்பு. ஸ்கேன் செய்தது வெறும் படம், அது வேண்டாம். ஆதார் எண், ஜாதி, அப்பா தொழில் எதுவும் தேவையில்லை.

இன்னொன்று. 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் இனிஷியல் ஒற்றை எழுத்தைச் சில தளங்கள் ஏற்காது. அப்பா பெயரை முழுதாகப் போடு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

அதிகம் சொல்லிவிட்டேனோ? உன் படிப்பில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை, தங்கமே. நம் வீட்டின் முதல் இன்ஜினியர் நீ. பெரியம்மா உனக்காக அதிரசம் சுட்டு வைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வா. அதற்குள் புது ரெஸ்யூமேயை நோட்பேடில் ஒட்டி, வந்ததை அப்படியே எனக்கு அனுப்பு. உன் நம்பர் அதில் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா